ஆளற்ற மென்பொருளும் அதனைப் பேணும் முறையும்

ஒருவர் தொடங்கிய பணியை மற்றொருவர் முடித்தல் தமிழுலகிற்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்தில் நைட் பாதிரியார் தொகுக்கத் தொடங்கிய தமிழ் அகராதி, அவர் மறைந்த பின்னர்ப் பிறர் கைகளுக்கு மாறி, ஈற்றில் வின்சுலோ ஐயரால் 1862-ஆம் ஆண்டு சென்னையில் வெளியிடப்பெற்றது. அதற்கும் பின்னர் எழுந்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1913-இல் சாண்ட்லர் ஐயர் அப்பணியைத் தொடங்கினார். 1926-இல் பொறுப்பேற்ற வையாபுரிப் பிள்ளையவர்கள் 1936-இல் ஆறு தொகுதிகளையும் நிறைவேற்றினார்கள். தொடங்கிய இருவரும் முடிவைக் கண்டிலர். ஆயினும் பணி நின்றிலது. காரணம் யாது? சேர்த்துவைத்த சொற்குறிப்புகள் பூட்டிய பெட்டியுட் கிடவாமல் அடுத்தவர் கைக்கு வந்தமையே.

நிற்க. இக்காலத்தில் மென்பொருளுலகிலும் இந்நிலை நேர்கின்றது. கணினிக்கு இடும் கட்டளைகளின் தொகுதியே மென்பொருள். அதன் மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தந்து வெளியிடுவது கட்டற்ற மென்பொருள் எனப்படும். அத்தகையவற்றுட் பல, ஊதியமின்றி ஓய்வுநேரத்தில் உழைக்கும் ஓரிருவராற் பேணப்படுவன. அவர்க்கு வேலை மாறலாம், நோய் வரலாம், ஆர்வம் குன்றலாம், இறப்பும் நேரலாம். மென்பொருளோ கல்வெட்டைப்போல் ஒருமுறை செதுக்கி விட்டுவிடத்தக்கதன்று. அதனைத் தாங்கும் இயங்குதளம் மாறுந்தோறும் அதுவும் மாறல் வேண்டும். கள்வர் நுழையத்தக்க ஓட்டைகள் காணப்படுந்தோறும் அவற்றை அடைத்தல் வேண்டும். ஆளற்ற மென்பொருள், குடியிருப்பார் இன்றிப் பழுதுறும் வீட்டை ஒக்கும்.

இவ்விடர்க்கு டெபியன் குழுவினர் வகுத்துள்ள முறை நம் நகரத்தோடும் தொடர்புடையது. தரமணி டைடல் பூங்காவிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் இயங்குதளம் டெபியனை அடியாகக் கொண்டதே. தமிழ்நாட்டு அரசு மாணாக்கர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளிலும் அஃது இடம்பெற்றது. 1993-இல் தொடங்கப்பெற்ற டெபியனில் ஒவ்வொரு மென்பொருட் பொதிக்கும் பேணுநர் உண்டு. அவர் களைப்புற்றால் மூன்று வழிகள் உள. உதவி வேண்டுமென அறிவிக்கலாம்; ஏற்பார் கிடைக்குங்காறும் தாமே காத்துநின்று, தத்தெடுப்பார் உளரோ என வினவலாம்; அதுவும் இயலாதெனின், இஃது அநாதை என்று வெளிப்பட உரைத்து விலகலாம். அநாதையானது உடனே எறியப்படுவதில்லை. தரங்காக்கும் குழுவொன்று இடைக்காலத்தில் அதனைப் பார்த்துக்கொள்ளும். ஏற்க விரும்புவோர் தம் கருத்தைப் பொதுவில் அறிவித்த பின்னரே ஏற்பர். யாதும் உரையாது மறைந்த பேணுநரைத் தேடி மடல் விடுத்தற்கும் தனிக்குழு உண்டு. எவரும் ஏலாது பழுதும் மிகுந்தவிடத்துப் பொதி களஞ்சியத்தினின்று நீக்கப்படும்.

ஏற்பார் இருப்பினும் ஒரு வினா எழும்: பழைய பெயர் யார்க்கு உரியது? நிரலைப் படியெடுத்து வேறு பெயரில் வளர்த்தற்கு எவர் இசைவும் வேண்டா. 2010-இல் ஓப்பன் ஆபீஸினின்று லிப்ரே ஆபீஸ் பிரிந்தது இவ்வாறே. ஆனால் பழைய பெயரை நம்பிப் பலர் அம்மென்பொருளைத் தம் கணினியில் ஏற்றுகின்றனர். ஆதலின் பெயரைக் கைமாற்றுதல் அவர்தம் வீட்டுத் திறவுகோலைக் கைமாற்றுதலே ஆம். பைத்தான் நிரல்மொழியினரின் பொதுக்களஞ்சியம் வகுத்துள்ள விதி கருதத்தக்கது. ஆறு வார காலத்துள் உரிமையாளரை மும்முறையேனும் தொடர்புகொள்ள முயலல் வேண்டும். பன்னிரண்டு மாதங்களாகப் புதிய வெளியீடு இல்லாதிருத்தல் வேண்டும். பெயரைக் கேட்பவர் தாம் செய்த திருத்தங்களைக் காட்டி, வேறு பெயர் போதாமைக்குக் காரணமும் கூறல் வேண்டும்.

அப்பாச்சி அறக்கட்டளையினரோ, ஓய்ந்த பணிகளை ஏற்றிவைக்க 2008-இல் ஒரு ‘பரண்’ அமைத்தனர். பரணில் ஏறியதைப் படிக்கலாம், படியெடுக்கலாம், அங்கேயே திருத்தலாகாது. ஓய்ந்ததை ஓய்ந்தது என்று எழுதிவைத்தலும் ஒரு நேர்மையன்றோ?

இத்துணைக் கட்டுப்பாடு எதற்கு என்பார்க்கு 2024-ஆம் ஆண்டு நிகழ்ச்சி விடைதரும். கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்-இசட்’ என்னும் கருவியை லாசே காலின் என்பவர் பல்லாண்டு ஏறத்தாழத் தனியராகவே பேணிவந்தார். 2022-இல் அவர் தம் உளத்தளர்ச்சியை எடுத்துரைத்தும், முன்பின் அறியாதார் சிலர் வேலை விரைந்து நடக்கவில்லையென்று நெருக்கினர். 2021 முதற்கொண்டு பொறுமையோடு உதவிவந்த ‘ஜியா டான்’ என்னும் பெயரினர் பேணுநர் உரிமை பெற்றார். பின்னர் அப்பெயரினரே அக்கருவியுட் கள்ளவாயில் ஒன்றை மறைத்துவைத்தார். தொலைக்கணினியுள் நுழைதற்கு அரைநொடி மிகுதியாவதைக் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்னும் பொறிஞர், ஆராய்ந்து மார்ச்சு 29 அன்று அதனை வெளிப்படுத்தினார். இன்றேல் உலகின் எண்ணிறந்த கணினிகள் திறந்த வீடுகளாயிருக்கும். களைத்தவர்க்குத் துணைநில்லாது குறைமட்டும் கூறிய கூட்டத்தினிடையே வஞ்சகர் ஒருவரே துணைவராய்த் தோன்றினர் என்பது நினைக்கத்தக்கது.

முறையே கைமாறிய பணியின் பயனுக்கும் ஒரு சான்று உண்டு. அச்சிட்ட பக்கத்தின் படத்தினின்று எழுத்துக்களைப் படித்தறியும் டெசராக்ட் என்னும் மென்பொருளை, ஹியூலட் பேக்கார்டு நிறுவனத்தார் 1985 முதல் ஏறத்தாழப் பத்தாண்டு வளர்த்துப் பின் நிறுத்திவிட்டனர். மேலும் பத்தாண்டு உறங்கிய அதன் மூலநிரலை 2005-இல் உலகிற்கு அளித்தனர். 2006 முதல் கூகிள் நிறுவனம் துணைநின்றது. தன்னார்வலர் பலரும் கைகொடுத்தனர். இன்று அது தமிழெழுத்தையும் படிக்கின்றது. செல்லரிக்கும் பழம் பதிப்புகளைக் காக்க விழையும் நமக்கு இஃது எத்துணைப் பேறு! அந்நிறுவனத்தார் அதனைப் பூட்டியே வைத்திருப்பின் இப்பயன் விளைந்திராது.

எனவே திறந்த நிரல் மட்டும் ஒரு பணியைக் காவாது. விடுபவர் சொல்லிவிட்டுச் செல்லுதலும், ஏற்பவர் தகுதியை ஆராய்தலும், உழைப்பவர் தளருமுன் துணைநிற்றலும் உடன் வேண்டும். தமிழைத் தட்டெழுதும் கருவி, எழுத்துரு, சொற்பிழை திருத்தி ஆகியவற்றுட் பலவும் ஓரிருவர் தோள்மேல் நிற்பனவே. நிரல் எழுத அறியாத தமிழ் மாணாக்கரும் பிழையைத் தெளிவுற எழுதி அறிவிக்கலாம். விளக்கக் குறிப்புகளைத் தமிழில் ஆக்கித் தரலாம். பேணுநர்க்கு ஒரு நன்றிமொழி எழுதலாம். இவை சிறியனவாகத் தோன்றினும், தனியே உழைப்பார் ஒருவர் தம் பணியை இடையில் விட்டுவிடாமற் காக்கும் ஆற்றல் இவற்றிற்கு உண்டு.