தங்கவயல் லைன் வீடுகளில் படியும் சயனைடு மண்: மேடுகளைத் தோண்டும் முன் காற்றைக் கவனிக்குமா அரசு?

புதுடெல்லி: கோலார் தங்கவயலில் மலைபோல் குவிந்து கிடக்கும் கழிவு மண்ணிலிருந்து எஞ்சிய தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு, கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்துக்குச் சொந்தமான 1,003 ஏக்கர் நிலத்தில் உள்ள 13 மேடுகள் இதில் அடங்கும். அவற்றில் உள்ள மண் ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன். தங்கம் எத்தனை கிலோ தேறும், ஏலம் யாருக்கு, வேலை எத்தனை பேருக்கு என்பதே பேச்சாக இருக்கிறது. மேடுகளின் அடிவாரத்தில் உள்ள மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீப் முதலான பகுதிகளின் பழைய லைன் வீடுகளுக்குள் இந்த மண் எவ்வளவு புகுகிறது என்ற கேள்வி அந்தப் பேச்சில் இடம்பெறவில்லை.

தமிழக வாசகர்களுக்கு இது அண்டை மாநிலத்துச் செய்தி மட்டும் அல்ல. ஜான் டெய்லர் நிறுவனம் 1880ல் இங்கு காலூன்றியபின், பாறையை உடைக்கப் பெருமளவில் கொண்டுவரப்பட்டவர்கள் வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பகுதித் தமிழர்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். கம்யூனிஸ்டுகளையும், இந்தியக் குடியரசுக் கட்சியினரையும், அ.தி.மு.க.வினரையும் கர்நாடக சட்டப்பேரவைக்கு அனுப்பிய தொகுதி இது. 2001 பிப்ரவரி 28ம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. வேலை போனது, வீடும் மேடும் மிஞ்சின. இன்று அந்தக் குடும்பங்களின் அடுத்த தலைமுறை விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கிறது. முதியவர்களும் குழந்தைகளும்தான் பகல் முழுவதும் வீட்டுக் காற்றைச் சுவாசிப்பவர்கள்.

மேடு உருவான விதம் தெரிந்தால் ஆபத்தின் தன்மையும் விளங்கும். பூமிக்கடியில் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்று வெட்டிய பாறையை ஆலையில் மாவுபோல் அரைத்து, சோடியம் சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்தனர். எஞ்சிய சேற்றைக் கொட்டிய இடங்களே மேடுகளாயின. சயனைடு மண் என்று ஊரார் அழைப்பது அதனால்தான். பெயரைக் கேட்டவுடன் அச்சம் எழுவது இயல்பு. எனினும் சயனைடு வெயிலிலும் காற்றிலும் பெருமளவு சிதைந்துவிடும். சிதையாதது பாறையின் சிலிக்கா. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய சிலிக்கா துகள் நுரையீரலின் அடிவரை சென்று தங்கித் தழும்பை உண்டாக்குகிறது. அதுவே சிலிகோசிஸ். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இத்தகைய சிலிக்கா தூசியைப் புற்றுநோய்க் காரணியாக 1997ல் வகைப்படுத்தியது.

இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாகப் பெரிய அளவில் கண்டறியப்பட்டதே தங்கவயலில்தான். 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது 43.7 சதவீதத்தினருக்கு சிலிகோசிஸ் இருந்தது. அவர்கள் சுரங்கத்துக்குள் துளை போட்டவர்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த அளவு தூசி இல்லை. ஆனால் தொழிலாளிக்கு வேலை நேரம் என்று ஒன்று இருந்தது. வீட்டுக்கு அப்படி வரையறை இல்லை. காசநோயின் அறிகுறிகளும் சிலிகோசிஸின் அறிகுறிகளும் ஒன்றுபோல் தோன்றுவதால் பலருக்கு நோய் மாற்றிக் கணிக்கப்படுவதும் உண்டு.

லைன் வீடு என்பது ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கும் சிறு குடியிருப்பு. சுவருக்கும் கூரைக்கும் இடையிலான இடுக்கு, இற்றுப்போன தகரம், பொருந்தாத கதவு என மண் நுழைய வழிகள் பல. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேட்டின் உச்சி புகைவது போலத் தோன்றும். கதவையும் ஜன்னலையும் சாத்தினால் தூசி குறையும். அடுப்புப் புகை உள்ளேயே தங்கும். திறந்தால் புகை வெளியேறும். மண் உள்ளே வரும். அடுப்பங்கரையும் படுக்கையும் ஒரே அறையில் உள்ள வீட்டில் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிகிறது. 2016ல் தொடங்கிய உஜ்வாலா திட்டம் எரிவாயு இணைப்பைத் தந்தாலும், சிலிண்டரை மீண்டும் நிரப்பப் பணம் இல்லாத மாதத்தில் பழைய அடுப்பே துணை.

வீட்டுக்குள் செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. கூரை இடுக்குகளைப் பூசி அடைப்பது, மேடு இருக்கும் திசைக்கு எதிர்ப்புறச் சுவரில் காற்றுப் போக்கி வைப்பது, அடுப்புக்கு மேல் புகைபோக்கி அமைப்பது, துடைப்பத்தால் உலர்வாகப் பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைப்பது ஆகியவை பலன் தருபவை. உலர்ந்த பெருக்கல் தரையில் படிந்த நுண்தூசியை மீண்டும் மூக்கின் உயரத்துக்குக் கிளப்பிவிடும். ஆனால் வீட்டு உரிமை ஆவணமே நீண்டகாலக் கோரிக்கையாக இருந்துவரும் ஊரில், தனக்கு உறுதியில்லாத சுவரில் யார் கைக்காசைப் போட்டு சிமென்ட் பூசுவார்கள்? ஈரத்துணிக்குக்கூடத் தண்ணீர் வேண்டும். கோலார் மாவட்டத்தில் அதுவும் எளிதில் கிடைப்பதில்லை.

ஆகவே, பொறுப்பை இல்லத்தரசியின் துடைப்பத்தின் மீது சுமத்திவிட்டு அரசு ஒதுங்க முடியாது. டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தங்கத்துக்காக மேடுகளைக் கிளறும்போது, இதுவரை இறுகிக் கிடந்த மண்ணும் வெளிவரும். தங்கக் கழிவு மேடுகளை மறுபடி பதப்படுத்துவதில் முன்னோடியான ஜோகன்னஸ்பர்க்கில், அதிக அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சி மண்ணைச் சேறாக்கிக் குழாய் வழியே கொண்டுசெல்லும் முறை உள்ளது. இயந்திரத்தால் வெட்டி லாரியில் ஏற்றுவதைவிட இதில் தூசி குறைவு. அதற்கான நீர் எங்கிருந்து வரும் என்பதை ஒப்பந்தம் போடும் முன்பே சொல்லியாக வேண்டும். தோண்டும் முன் வீடுகளுக்குள் தூசியை அளந்து பதிவு செய்வதும், கூரைப் பழுது பார்ப்பதும், குடியிருப்போருக்கு மார்பு எக்ஸ்-ரே எடுப்பதும் ஒப்பந்ததாரரின் செலவில் நிபந்தனையாக எழுதப்படவேண்டியவை. அந்த முதல் அளவீடு இல்லாவிட்டால், பின்னாளில் நோயுற்றவர் எந்த நீதிமன்றத்திலும் எதையும் நிரூபிக்க இயலாது.

நிவாரணத்துக்கு முன்னுதாரணமும் இருக்கிறது. ராஜஸ்தான் அரசு 2019ல் கொண்டுவந்த கொள்கைப்படி, சிலிகோசிஸ் உறுதியானவருக்கு 3 லட்சம் ரூபாயும், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் வழங்கப்படும். அந்த மாநிலத்தின் கல் உடைக்கும் தொழிலாளர்கள் பல ஆண்டுகள் போராடிப் பெற்றது அது.

மத்திய அரசின் சட்டகத்தில் தங்கவயல் வீடுகளுக்கு இடம் தேடினால் கிடைப்பது சொற்பம். 2019ல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தில் கர்நாடகத்திலிருந்து பெங்களூர், தாவணகெரே, ஹூப்ளி-தார்வாட், கலபுரகி ஆகிய நகரங்கள் சேர்க்கப்பட்டன; தங்கவயல் இல்லை. சுரங்கத் தொழிலாளர் உடல்நலத்துக்கென 1990ல் அமைக்கப்பட்ட தேசிய நிறுவனம், 2019ல் ஆமதாபாத்தில் உள்ள தொழில்சார் சுகாதார நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் 2013ம் ஆண்டு விதிகள், குடியிருப்புப் பகுதியில் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் தூசி விழக்கூடாது என்கின்றன. இந்தியாவில் 2009ல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகோல் 12 மாசுகளைப் பட்டியலிட்டது. ஆர்செனிக், நிக்கல், பென்சீன் எல்லாம் அதில் உண்டு. சிலிக்கா இல்லை.