இனப்பெயர் இல்லாத ஊர்க் கழுதை

பெரம்பலூர் மாவட்டத்து வாலிகண்டபுரத்தை ஒட்டிச் செல்லும் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் இன்று சரக்கெல்லாம் லாரியில்தான் போகிறது. பழைய பெருவழிகளில் அந்த வேலையை மாடும் கழுதையும் செய்தன. மிளகுப் பொதி சுமந்த கழுதைக் கூட்டம் சுங்கம் வாங்கும் வழியில் போனதைப் பெரும்பாணாற்றுப்படை பதிவு செய்திருக்கிறது. அவ்வளவு காலம் நமக்காகச் சுமந்த விலங்குக்குத் தமிழ்நாட்டில் இன்றுவரை ஓர் இனப்பெயர் கிடைக்கவில்லை.

நாட்டு மாடு, ஆடு, கோழி இனங்களை ஆராய்ந்து பதிவு செய்வது கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம். அதன் கழுதைப் பட்டியலில் இமாச்சலத்தின் ஸ்பிதி, குஜராத்தின் ஹாலாரி, கச்சி போன்ற சில பெயர்கள் இருக்கின்றன. நம் ஊர்க் கழுதைகள் ‘இனம் வகுக்கப்படாதவை’ என்ற கணக்கில் கிடக்கின்றன.

கழுதைகளின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுக் கழுதை. கிழக்கு ஆப்பிரிக்காவில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு முறைதான் அதை மனிதர் பழக்கினார்கள் என்று 2022-இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. ஒரே வேரிலிருந்து வந்தும் இத்தனை உருவங்கள் உண்டானதற்குக் காரணம், ஒவ்வொரு ஊரின் நிலமும் அங்கே அதற்குக் கொடுத்த வேலையும்தான்.

ஸ்பிதிக் கழுதை ஒரு மீட்டர் உயரம்கூட இராது. மூவாயிரம் மீட்டருக்கு மேல், காற்றில் ஆக்ஸிஜன் குறைந்த குளிர்ப் பள்ளத்தாக்கில், அடர்ந்த ரோமத்தோடு பொதி சுமக்கிறது. ஹாலாரி அதைவிட உயரம். நிறம் வெள்ளை, குணம் சாது. ஆட்டு மந்தையோடு இடம்பெயரும் பர்வாட், ரபாரி மக்களின் தண்ணீரையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் சுமந்து நாள் முழுதும் நடக்கும். பக்கத்திலேயே இருக்கும் கச்சிக் கழுதையோ சாம்பல் நிறம். வயலில் களையெடுக்கவும் அதைப் பூட்டுகிறார்கள்.

பிரான்சின் புவாத்துக் கழுதை கோவேறு கழுதை உற்பத்திக்கென்றே வளர்க்கப்பட்டது. ஒன்றரை மீட்டரை நெருங்கும் உயரம், சடைசடையாகத் தொங்கும் ரோமம். டிராக்டர் வந்ததும் அதற்கு வேலை போயிற்று. 1977-இல் கணக்கெடுத்தபோது மிஞ்சியவை 44 மட்டுமே. பிறகு அக்கறையோடு பெருக்கி மீட்டார்கள். சிசிலி, சார்டினியா தீவுகளின் குட்டை இனமோ மூன்றடிதான்.

நம் ஊர்க் கழுதை சிறிய உடம்புக்காரி. சாம்பல் நிறம், முதுகில் ஒரு கறுப்புக் கோடு, தோளில் அதை வெட்டும் இன்னொரு கோடு. காய்ந்த புல்லைத் தின்றே வண்ணார் வீட்டு அழுக்கு மூட்டையையும், ஆற்று மணலையும், செங்கலையும் சுமந்திருக்கிறது. பாரம் சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு இந்திய விதிகள் கழுதைக்கு 50 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ என்று வரம்பு கட்டின. நடைமுறையில் அந்த வரம்பை மதித்தவர்கள் குறைவு என்பதை அதன் முதுகுத் தழும்புகளே சொல்லும்.

பிடிவாதம் என்று அதைத் திட்டுவது அநியாயம். ஆபத்தைக் கண்டால் குதிரை ஓடிவிடும். வறண்ட கரட்டு நிலத்தில் தோன்றிய கழுதை, நின்று நிதானித்துப் பார்த்த பிறகே அடி வைக்கும். உடல் எடையில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு நீரை இழந்தாலும் தாங்கி, தண்ணீர் கிடைத்ததும் சில நிமிடங்களில் ஈடுகட்டும் திறமும் அந்த நிலம் கொடுத்ததே. பெரம்பலூரின் கோடைக்கு இதைவிடப் பொருத்தமான உடம்பு ஏது?

2012-இல் நாடு முழுவதும் 3.2 லட்சம் இருந்த கழுதைகள், 2019 கணக்கெடுப்பில் 1.2 லட்சமாகிவிட்டன. மினி வேனும் சலவை இயந்திரமும் வேலையைப் பறித்தன. தோலுக்காகக் கொல்வது உலகம் முழுவதும் பெருகி, 2024-இல் ஆப்பிரிக்க ஒன்றியம் அந்த வணிகத்துக்கே தடை போட வேண்டியதாயிற்று. இங்கே மிஞ்சியிருக்கும் பிழைப்பு, தெருத் தெருவாகப் போய்ச் சங்களவில் பால் விற்பது. கொழுப்புக் குறைந்து, தாய்ப்பாலை ஓரளவு ஒத்திருக்கும் பால்தான் அது. ஆனாலும் பிறந்த குழந்தைக்குக் காய்ச்சாத பாலைப் புகட்டக் கூடாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே.

பெயர் இருந்தால்தான் பாதுகாப்புத் திட்டமும் பணமும் வரும். நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்குள்ள மாணவர்கள் பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் மிஞ்சியிருக்கும் கழுதைகளின் தோள் உயரம், மார்புச் சுற்றளவு, காது நீளம், நிறம் ஆகியவற்றைக் குறித்து, கொஞ்சம் இரத்த மாதிரியும் எடுக்கலாம். ஓர் அளவுநாடாவும் கழுதைக்காரர்களின் சம்மதமும் இருந்தால் நாளைக்கே தொடங்கிவிடலாம்.