தவிற் சமாவும் தொலைக்காட்சி மேடையும்

2023 டிசம்பரில் ஜீ தமிழ் தொலைக்காட்சியின் ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ இறுதிப் போட்டியில் அரியாலைச் சிறுமி கில்மிஷா வாகை சூடினாள். அன்றிரவு அளவெட்டியில் எங்கள் ஒழுங்கையிற் பல வீடுகளில் நெடுநேரம் விளக்கு அணையவில்லை. பாட்டு ஒருபுறமிருக்க, பரிசளிப்பில் இத்துணைச் சுவை எங்கிருந்து வருகின்றது?

காத்திருக்க வைப்பதிலே என்பர் சிலர். அது பாதியே உண்மை. அறிவிப்பாளர் பெயரைச் சொல்லாது நிற்பதும், முரசொலி ஏறுவதும், தாயின் முகத்தைக் கமரா நெருங்குவதும் முதன்முறை நெஞ்சைப் பிடிக்கும். மூன்றாம் முறை சலிக்கும். ‘எங்கள் பிள்ளை’ என்னும் உரிமையே பெரிது. அது வந்துவிட்டால் நடுவர் தீர்ப்பு நம் வீட்டு வழக்காகிவிடும்.

இச்சுவை எம்மூருக்குப் புதிதன்று. என். கே. பத்மநாதனின் நாதஸ்வரமும், 1975இல் மறைந்த தெட்சணாமூர்த்தியின் தவிலும் ஒலித்த ஊர் இது. திருவிழா இரவுகளில் ஒரு தவிற்காரர் வாசித்த கோர்வையை மற்றவர் வாங்கி, மெருகேற்றித் திருப்பிக் கொடுப்பார். சனம் விடியுமட்டும் அசையாது. அங்கே நடுவருமில்லை, புள்ளியுமில்லை. (ஆயினும், கோயில் வீதியில் இருந்து தாளம் போடும் முதியவர்களின் தலையசைப்பிலும் கடுமையான தீர்ப்பை நான் கண்டதில்லை.) அடுத்த அடி எங்கே விழும் என்னும் தவிப்பு இசைக்குள்ளேயே இருந்தது.

தொலைக்காட்சி அத்தவிப்பை இசைக்கு வெளியே எடுத்து, விளம்பரத்துக்கும் முடிவுக்கும் நடுவே வைத்துவிட்டது. பிள்ளை சரணம் பாடிக்கொண்டிருக்கும்போதே நடுவரின் முகத்தைக் காட்டுகின்றனர். நாமும் கேட்பதை விட்டு, அவர் கண்கலங்குவாரா என்று பார்க்கத் தொடங்குகின்றோம். பாட்டு நடக்கும் அந்த நான்கைந்து நிமிடமாவது கமரா பாடுபவரை விட்டு அகலாது நிற்குமாயின், முடிவில் வரும் முரசொலியையும் நான் பொறுத்துக்கொள்வேன்.