வீட்டிலேயே ஒரு சர்வர்: எதை வாங்கணும், எப்படிச் சோதிக்கணும்?

'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று போன் சொன்னதும் நாம் முதலில் அழிப்பது குட்மார்னிங் படங்களை. அடுத்து வாட்ஸ்அப் வீடியோக்கள். அதுவும் தீர்ந்தபிறகு, இனி எதை அழிப்பது என்று தெரியாமல் விரல் அப்படியே நிற்கும் ஓர் இடம் வரும். கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாகச் சேமிக்கும் வசதி 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி.தான் இலவசம். மேலே வேண்டுமென்றால் மாதக் கட்டணம் கட்டலாம். இன்னொரு வழியும் இருக்கிறது. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன கம்ப்யூட்டரை வீட்டின் ஒரு மூலையில் வைத்து, குடும்பத்தில் எல்லார் போனிலிருந்தும் படங்கள் தானாக அதில் போய்ச் சேரும்படி செய்துவிடலாம். இதைத்தான் ஹோம் சர்வர் என்கிறார்கள்.

வாங்கக் கிளம்பும் முன் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். பட்டா நகல் தொலைந்தால் ஆன்லைனில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். இ-சேவை வழியாக வாங்கிய சாதி, வருமானச் சான்றிதழ்களும் அப்படித்தான். டிஜிலாக்கரில் துறைகளே நேரடியாக வழங்கும் ஆவணங்கள் அசலுக்குச் சமமானவை என்று தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. அதே ஆவணத்தை நீங்கள் ஸ்கேன் செய்து வீட்டு சர்வரில் போட்டால், அது வெறும் நகல். ஆகவே சர்வர் வந்துவிட்டது என்று டிஜிலாக்கரை மூடிவிடாதீங்க.

சர்வர் உண்மையில் தேவைப்படுவது, எந்த அலுவலகத்திலும் விண்ணப்பித்து மறுபடி வாங்க முடியாதவற்றுக்கு. தாத்தா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், குழந்தையின் முதல் நடை வீடியோ, பாட்டியின் கையெழுத்தில் உள்ள கணக்கு நோட்டின் படங்கள், பத்து வருட மருத்துவ ரிப்போர்ட்டுகள். இதை மனதில் வைத்துக்கொண்டால் காசை எதில் போடுவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். ப்ராசஸரில் சிக்கனமாக இருங்க, டிஸ்க்கில் தாராளமாக இருங்க.

எந்த கம்ப்யூட்டர்?

கடையில் போய் 'சர்வர் போடணும்' என்றால் கிராபிக்ஸ் கார்டு வரை எடுத்து மேசையில் வைத்துவிடுவார்கள். தேவையே இல்லை. படத்தை வாங்கி வைப்பதும், கேட்டால் எடுத்துக் கொடுப்பதும் லேசான வேலை. இன்டெல் என்100 என்ற நான்கு கோர் ப்ராசஸர் 2023 தொடக்கத்தில் வந்தது. அதன் மின் அளவீடு 6 வாட்தான். அதைப் போட்டு வரும் டிபன் பாக்ஸ் அளவு மினி பி.சி. ஒரு குடும்பத்துக்குத் தாராளம். ரேம் 8 ஜி.பி. போதும். முகத்தை வைத்துப் படம் தேடும் வசதியெல்லாம் வேண்டுமென்றால் 16 ஜி.பி. போடலாம். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடப்பதால், 'பின்னால உதவும்' என்று கூடுதலாக வாங்கி வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

'பழைய டெஸ்க்டாப் பரண்மேல சும்மாதானே கிடக்கு, அதையே போட்டுடலாமே?' என்று தோன்றும். மின்கட்டணக் கணக்கைப் போட்டுப் பாருங்க. சர்வர் 24 மணி நேரமும் ஓடும். இரண்டு மாதம் என்பது 1,440 மணி நேரம். சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப், ஒரு பில்லிங் காலத்தில் 86 யூனிட் சாப்பிடும். டிஸ்க்கோடு சேர்த்து 15 வாட் இழுக்கும் மினி பி.சி.க்கு 22 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். வீடுகளுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவசத்தில் பெரும்பகுதியை ஒரு பழைய பெட்டி விழுங்குவது நியாயமா? ஏற்கெனவே 450 யூனிட் வாக்கில் வரும் வீடு என்றால் இன்னும் கவனம். மொத்தம் 500-ஐத் தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுகளுக்கான விலையும் ஏறிவிடும்.

பழைய லேப்டாப் இருந்தால் கதை வேறு. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப் பல வீடுகளில் இன்னும் அலமாரியில் இருக்கிறது. மின்சாரம் குறைவாக எடுக்கும், திரையும் கீபோர்டும் கூடவே உண்டு, பேட்டரி நன்றாக இருந்தால் கரன்ட் போனாலும் அணையாது. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பெட்டி கிடையாது. இரண்டைப் பாருங்க: யூ.எஸ்.பி. 3.0 போர்ட் (பெரும்பாலும் உள்ளே நீல நிறத்தில் இருக்கும்) உண்டா, பேட்டரி உப்பியிருக்கிறதா. உப்பியிருந்தால் அந்த பேட்டரியை வைத்து ஒரு நாள்கூட ஓட்ட வேண்டாம். எடுத்து மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்க.

டிஸ்க்கில்தான் விஷயமே இருக்கு

சிஸ்டம் ஓடுவதற்கு ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. படங்கள் தங்குவதற்கு ஹார்ட் டிஸ்க். இந்தப் பிரிவினை பெரும்பாலான வீடுகளுக்குச் சரியாக வரும். ஹார்ட் டிஸ்க்கில் சி.எம்.ஆர்., எஸ்.எம்.ஆர். என்று இரண்டு வகை உண்டு. எஸ்.எம்.ஆர்.-இல் தகவல் வரிகள் ஓட்டு வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். அதனால் ஒரு வரியை மாற்ற பக்கத்து வரிகளையும் திரும்ப எழுத வேண்டும். வாங்கிய புதிதில் வேகமாகத் தெரியும், நிறைய எழுதும்போது தவழ ஆரம்பிக்கும். பெட்டியின்மேல் இது பெரும்பாலும் அச்சிட்டிருக்காது. மாடல் எண்ணை தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, சி.எம்.ஆர். என்று உறுதியானபிறகு வாங்குங்க.

4 டி.பி. டிஸ்க் விண்டோஸில் 3.6 என்று காட்டினால் ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம், எண்ணும் முறைதான் வேறு. ஆனால் 16 டி.பி. போர்ட்டபிள் எஸ்.எஸ்.டி. ஓரிரண்டாயிரம் ரூபாய்க்கு என்று விளம்பரம் வந்தால் அது நிச்சயம் மோசடி. உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை ஒட்டி, கம்ப்யூட்டரிடம் மட்டும் பெரிய எண்ணைச் சொல்லும்படி செய்திருப்பார்கள். படங்கள் ஏறுவது போலவே இருக்கும், பிறகு திறக்காது.

இரண்டு டிஸ்க் வாங்க முடிந்தால் வாங்குங்க. பலர் அவற்றை ரெய்டு என்ற முறையில் ஜோடியாகக் கட்டி, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் உடனே எழுதும்படி வைக்கிறார்கள். ஒரு டிஸ்க் செத்தால் மற்றது காப்பாற்றும், உண்மைதான். ஆனால் குழந்தை தெரியாமல் ஒரு ஆல்பத்தை அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். என்னைக் கேட்டால், முதல் சர்வருக்கு ரெய்டு வேண்டாம். இரண்டாவது டிஸ்க்கை தினமும் இரவு பேக்கப் எடுக்கவும், அழித்த கோப்புகளைச் சில வாரங்கள் வைத்திருக்கவும் பயன்படுத்துங்க. மூன்றாவது நகல் ஒன்று வேறு ஊரில், அக்கா வீட்டு பீரோவிலாவது, இருக்க வேண்டும். வெள்ளமோ திருட்டோ வந்தால் ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்துதான் போகும்.

பவர் கட்டுக்கு: வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பல மாடல்களில் 'யூ.பி.எஸ். மோட்' என்று ஒரு ஸ்விட்ச் உண்டு. அதைப் போட்டால்தான் கரன்ட் மாறும் நேரத்தில் கம்ப்யூட்டர் அணையாமல் தாங்கும். இடத்துக்கு: மூடிய டி.வி. ஸ்டாண்டுக்குள் வைக்காதீங்க, மே மாதத்தில் டிஸ்க் வெந்துவிடும்.

நம்புவதற்கு முன் சோதனை

சாமான் வந்த அன்றே படங்களை ஏற்றத் தோன்றும். ஒரு வாரம் பொறுங்க. வாரன்ட்டியும் மாற்றிக் கொடுக்கும் கெடுவும் கையில் இருக்கும்போதே பழுது வெளியே வந்துவிடுவது நல்லது.

முதல் இரவு மெம்டெஸ்ட்86+ என்ற இலவசக் கருவியை ஓட விடுங்க. ரேமில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் மாற்றச் சொல்லுங்க. கெட்ட ரேம் படத்தைச் சத்தமில்லாமல் கெடுத்துத்தான் டிஸ்க்குக்கு அனுப்பும், பேக்கப்பிலும் கெட்டதே போய் உட்காரும்.

இரண்டாவது, டிஸ்க். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலைக் குறிப்பைத் தானே எழுதி வைக்கிறது. ஸ்மார்ட் ரிப்போர்ட் என்று பெயர். விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, சர்வரில் ஓபன்மீடியாவால்ட் போன்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். முதலில் 'பவர் ஆன் ஹவர்ஸ்' எண்ணைப் பாருங்க. 'புதுசு' என்று விற்ற டிஸ்க் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியதாகக் காட்டினால் அது பழையது. பில்லோடு கடைக்குப் போங்க. கேட்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். இதற்காகவே ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் சீரியல் எண் போட்ட ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்கிக்கோங்க. அடுத்து 'ரீஅலகேட்டட் செக்டர்', 'பெண்டிங் செக்டர்' இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். பிறகு நீண்ட சோதனையைத் தட்டிவிடுங்க, 4 டி.பி. டிஸ்க்குக்கு ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். முடிந்தால் டிஸ்க் முழுவதும் ஒருமுறை எழுதிப் படித்தும் பாருங்க. போலி கொள்ளளவு இந்த இடத்தில் கண்டிப்பாக மாட்டும். எல்லாம் முடிந்தபின் அந்த இரண்டு எண்களும் இன்னும் பூஜ்யமா என்று மறுபடி பார்க்கணும்.

மூன்றாவது வேகம். இங்கேதான் பலர் தவறான பாகத்தைக் குறை சொல்கிறார்கள். வீட்டுக்குள் போனிலிருந்து சர்வருக்குப் படம் போவதற்கும் உங்கள் இன்டர்நெட் பிளானுக்கும் சம்பந்தமில்லை, டேட்டாவும் குறையாது. வேகத்தை முடிவு செய்வது ரூட்டரும் கேபிளும். ஐபெர்ஃப்3 என்ற கருவியை சர்வரிலும், கேபிளில் இணைத்த லேப்டாப்பிலும் ஓட்டினால் ஓர் எண் வரும். 940 எம்.பி.பி.எஸ். பக்கம் வந்தால் கிகாபிட் இணைப்பு சரியாக இருக்கிறது. 94 வந்தால், ரூட்டரின் போர்ட்டே பழைய 100 வகை. அல்லது கேபிளின் எட்டுக் கம்பியில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும், 100-க்கு நான்கு போதும் என்பதால் இணைப்பு அறுந்தது மாதிரியே தெரியாமல் மெதுவாக ஓடும். வித்தியாசம் சின்னதல்ல: 100 ஜி.பி. படங்களை நகர்த்த கிகாபிட்டில் கால் மணி நேரம், 100-இல் இரண்டரை மணி நேரம். ப்ராசஸரை மாற்றுவதற்கு முன் நூறு, நூற்றைம்பது ரூபாய் கேபிளை மாற்றிப் பாருங்க.

ஒரு பெரிய வீடியோ வேகமாகப் போய், ஆயிரம் சின்னப் படங்கள் மெதுவாகப் போனால் அது பழுது இல்லை. ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாகத் திறந்து மூடும் வேலை இருக்கிறது.

வெளியூரில் இருந்தும் படம் பார்க்கணும் என்று ரூட்டரில் போர்ட்டைத் திறந்து வைக்க யூடியூப் வீடியோக்கள் சொல்லும். செய்யாதீங்க. 2022-இல் 'டெட்போல்ட்' என்ற ரான்சம்வேர், அப்படி இணையத்தை நோக்கித் திறந்திருந்த வீட்டுச் சேமிப்புப் பெட்டிகளைத் தேடித் தேடிப் பூட்டிப் பணம் கேட்டது. வயர்கார்டு, டெயில்ஸ்கேல் போன்ற வி.பி.என். வழியாக உங்கள் போன் மட்டும் உள்ளே வரும்படி செய்தால் போதும்.

ஒரு வாரம் தாண்டி எல்லாம் சரி என்றால் படங்களை ஏற்றலாம். ஆனால் போனில் இருப்பதை உடனே அழிக்க வேண்டாம். பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, பத்துப் படம், இரண்டு வீடியோ திறந்து பாருங்க. திறந்தால்தான் அது பேக்கப். இந்த வேலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யணும். அப்படியே பாஸ்வேர்டையும், எந்த டிஸ்க்கில் எது இருக்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரம் வைக்கும் இடத்தில் வைங்க. சர்வரை அமைத்தவர் ஊரில் இல்லாத நாளில், அம்மாவின் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டை டாக்டர் கேட்டால், வீட்டில் இருப்பவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.