வளரி: எறிவதும் காப்பதும்

தெருவில் பம்பரம் விடும் சிறுவனைப் பார்த்திருப்பீர்கள். சுற்றும் வரை பம்பரம் ஒற்றை ஆணியின் மேல் நிமிர்ந்து நிற்கிறது. சுழற்சி ஓய்ந்தால் சாய்ந்துவிடுகிறது. சுழலும் பொருள் தன் அச்சின் திசையை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. இந்த இயற்கை விதியைப் பள்ளிப் பாடமாகப் படிக்காமலே, கைப்பழக்கத்தால் அறிந்து ஓர் ஆயுதமாக்கியவர்கள் நம் தென்பாண்டிச் சீமையிலும் புதுக்கோட்டைச் சீமையிலும் வாழ்ந்த மக்கள். அந்த ஆயுதத்தின் பெயர் வளரி. வளைதடி என்றும் சொல்வார்கள்.

வளரி எப்படி இருக்கும்? பிறைநிலா வடிவம், ஒரு நுனி கனமானது, மறுநுனி இலேசானது. வைரம் பாய்ந்த மரத்தால் செய்வது வழக்கம். இரும்பால் செய்ததும் உண்டு. வெளிவளைவைக் கூராக்கி இருப்பார்கள். தந்தத்தால் செய்தவையும் இருந்தன. தஞ்சை அரண்மனை ஆயுதக்கிடங்கிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்த மூன்றில் இரண்டு தந்தத்தாலும் ஒன்று மரத்தாலும் ஆனவை.

கிடங்கில் இருந்தது, கையில் இல்லை

1801ஆம் ஆண்டு மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பரில் ஆங்கிலேயக் கும்பெனி அரசு, தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்து அறிக்கை விட்டது. புதுக்கோட்டைத் தொண்டைமான் அரசர்கள் கும்பெனிக்கு நட்பாக இருந்தவர்கள். ஆகவே அங்கே அரண்மனை ஆயுதக்கிடங்கு நிலைத்தது. எட்கர் தர்ஸ்டன் என்ற ஆராய்ச்சியாளர் 1909இல் வெளியிட்ட நூலில், புதுக்கோட்டைத் திவான் தமக்கு எழுதியனுப்பிய செய்தியைச் சேர்த்திருக்கிறார். அரசரின் கிடங்கில் வளரிகள் எப்போதும் இருப்பில் உண்டு என்றும் அந்நூல் கூறுகிறது. ஆனால் தேர்ந்த எறிவீரர்கள் இப்போது கிடைப்பதில்லை. முயல், காட்டுக்கோழி வேட்டைக்கு மட்டும் எப்போதாவது பயன்படுகிறது என்பது திவான் செய்தியின் சாரம்.

இதன் பொருள் என்ன? நூறாண்டுகளுக்கு முன்பே பொருள் மிஞ்சியது, வித்தை மறைந்துகொண்டிருந்தது. எறிந்தவர்கள் எழுதி வைக்கவில்லை. இன்று அந்த வித்தையைப் பற்றி நமக்குச் சொல்லக்கூடிய முக்கியமான சாட்சி அந்த மரமும் இரும்புமே. அதைக் காப்பது ஏன் அவசியம் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

எறியும் முறை

வீரர் இலேசான நுனியைப் பிடித்துக்கொள்வார். தோளுக்கு மேலே சிலமுறை சுழற்றி வேகம் ஏற்றி, குறியை நோக்கி விசையோடு வீசுவார். கனமான நுனியைப் பிடித்தால் என்ன குறை? கோடாலியை நினைத்துப் பாருங்கள். இரும்புத் தலை கையிலிருந்து தொலைவில் இருப்பதால்தான் வெட்டு ஆழமாக விழுகிறது. கை ஒரே அளவு சுழன்றாலும், சுழலும் மையத்திலிருந்து தள்ளியிருக்கும் பகுதி அதிக வேகம் பெறும். வளரியின் எடையில் பெரும்பங்கு கைக்குத் தொலைவில் இருப்பதால், அது அதிக வேகத்தோடு கையைவிட்டுக் கிளம்புகிறது.

எவ்வளவு வேகம்? ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேயப் படையதிகாரி சின்ன மருதுவிடமே வளரி எறியக் கற்றவர். தேர்ந்த கை 100 கஜத்துக்குள் குறி தவறாமல் எறியும் என்று 1830இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். 100 கஜம் என்பது சுமார் 91 மீட்டர். இது நம்பத்தக்கதா? கணக்கிட்டுப் பார்ப்போம். காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால், 45 பாகைச் சாய்வில் எறியும் பொருள் 91 மீட்டர் போக, வினாடிக்குச் சுமார் 30 மீட்டர் வேகம் வேண்டும். அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர். காற்றுத் தடையைச் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடுதலாக வேண்டும். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர்கள் மணிக்கு 140 கிலோமீட்டரைத் தொடுகிறார்கள். ஆகவே வெல்ஷ் சொன்ன தொலைவு மனிதக் கைக்கு எட்டாதது அன்று.

சுழற்சியால் வரும் நன்மைகள்

வீசும்போது வளரி முன்னே செல்வதோடு தன்னைத்தானே சுற்றவும் செய்கிறது. இதனால் இரு நன்மைகள். முதலாவது, பம்பரத்தைப் போலவே அதன் சுழல்தளம் நிலைத்து நிற்கிறது. வளரி கண்டபடி புரளாமல், தட்டு பறப்பதுபோல் ஒரே தளத்தில் செல்கிறது. இரண்டாவது, சிறு கல் தன் பருமன் அளவு அகலமான பாதையைத்தான் துடைத்துச் செல்லும். 40 சென்டிமீட்டர் வளரியோ சுழன்றுகொண்டே ஏறத்தாழ அவ்வளவு அகலமான பாதையைத் துடைத்துச் செல்லும். ஓடும் முயலின் காலில் படும் வாய்ப்பு எதற்கு அதிகம் என்று நீங்களே சொல்லுங்கள்.

வளரி எறிந்தவரிடமே திரும்பி வருமா என்று பலர் கேட்பார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் பூமராங்குகளிலும் ஒரு வகைதான் திரும்பி வரும். வேட்டைக்கு உரியவை நேராகச் செல்பவை. திரும்பும் வகையின் கைகள் இலேசானவை. விமான இறக்கைபோல் ஒருபுறம் புடைத்தவை. சுழலும்போது முன்னோக்கி வரும் கை காற்றில் வேகமாகவும், பின்னோக்கிப் போகும் கை மெதுவாகவும் செல்லும். அதனால் ஒருபுறம் தூக்குவிசை கூடுகிறது, பாதை வளைகிறது. கனமான இரும்பு வளரியின் எடைக்கு முன்னால் இந்தத் தூக்குவிசை மிக அற்பம். குறியில் பட்டு நிற்பதே அதன் வேலை, திரும்பி வருவதன்று.

நீங்களே செய்து பாருங்கள்

கெட்டி அட்டையில் பிறைவடிவம் வெட்டுங்கள். ஒரு நுனியில் சிறிது களிமண் ஒட்டுங்கள். இரு முனைகளுக்கிடையே உள்ள வெற்றிடத்தை மூடும்படி பின்னால் ஒரு மெல்லிய தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையில் குண்டூசி குத்தித் தொங்கவிட்டு, அதே ஊசியில் கல் கட்டிய நூலையும் தொங்கவிடுங்கள். நூல் செல்லும் வழியில் கோடு போடுங்கள். வேறோர் இடத்தில் ஊசி குத்தி மீண்டும் செய்யுங்கள். இரு கோடுகளும் வெட்டும் இடமே ஈர்ப்பு மையம். அது கனமான நுனியின் பக்கம் ஒதுங்கியிருக்கும். அட்டைக்கு வெளியே, வெற்றிடத்தில்கூட அமையலாம்! பறக்கும் வளரி இந்தப் புள்ளியைச் சுற்றித்தான் சுழல்கிறது. அட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மரத்தாலோ இரும்பாலோ செய்து எறிவது உயிருக்கு ஆபத்து.

காக்கும் முறை

புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளில் சில வீடுகளிலும் கோயில்களிலும் பழைய ஆயுதங்கள் உள்ளன. அவற்றுக்குப் பகை அலட்சியம் மட்டுமன்று. அளவு மீறிய அக்கறையும் பகையே.

ஆயுத பூசை வருகிறது. இரும்பைப் பளபளக்கச் செய்ய வேண்டுமென்று புளி போட்டுத் தேய்ப்பார்கள். அல்லது உப்புத்தாளால் உரசுவார்கள். பித்தளை விளக்குக்குப் புளி சரி. இரும்புக்கு அது கேடு. புளியிலுள்ள அமிலம் இரும்பையே அரிக்கும். உப்புத்தாள் துருவோடு சேர்த்து, கொல்லர் அடித்த சுத்தியல் தடத்தையும், விளிம்பின் தேய்மானத்தையும் அழித்துவிடும். அது ஒரே துண்டாக அடித்ததா, எத்தனை முறை தீட்டியது என்று சொல்லும் எழுத்துகள் அவைதாம். ஒருமுறை அழிந்தால் மீண்டும் எழுத இயலாது.

துரு எல்லாம் ஒன்றன்று. கருமையாக, இறுக்கமாகப் படிந்த பழைய படலம் அடியிலுள்ள இரும்புக்கு ஓரளவு போர்வையாகிறது. அதை விட்டுவிடுங்கள். ஆரஞ்சு நிறப் பொடியாக உதிர்வதுதான் உயிருள்ள துரு. இரும்பு, ஆக்ஸிஜன், ஈரம் மூன்றும் கூடினால் துரு உண்டாகும். வியர்வையின் உப்பு அதை விரைவுபடுத்தும். ஆகவே பருத்திக் கையுறையோ சுத்தமான துணியோ இல்லாமல் இரும்பைத் தொடாதீர்கள். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, உலர்ந்த துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை மிக மெல்லிதாகத் தடவினால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது நாளடைவில் கெட்டுப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். சந்தனப் பொட்டு இட விரும்பினால், ஆயுதத்தின் மேல் இடாமல் அதைத் தாங்கும் பீடத்தில் இடுங்கள். ஈரச் சந்தனம் பட்ட இடத்திலேயே துரு பிடிக்கும்.

மர வளரிக்கு வெயிலும் தண்ணீரும் ஆகாது. மரம் ஈரத்தில் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். திடீரென மாறினால் வெடிக்கும். கழுவவோ வெயிலில் காயவைக்கவோ கூடாது. உளுப்பூச்சி இருக்கிறதா என அறிய எளிய வழி உண்டு: கறுப்புத் தாளின் மேல் வைத்துச் சில நாள் கழித்துப் பாருங்கள். புதிய பொடி உதிர்ந்திருந்தால் பூச்சி உள்ளே வேலை செய்கிறது. உடனே பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடி, அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள்.

வைக்கும் இடமும் முக்கியம். சாக்கு ஈரத்தை இழுக்கும். செய்தித்தாளில் அமிலம் உண்டு. வெளுத்த பழைய பருத்தித் துணியில் சுற்றி, சுவரில் படாமல், தரையிலிருந்து உயரமாக வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் துரு விரைவாகும். எனவே ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் வாரம் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

புதுக்கோட்டையை அடுத்த திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் இன்று அரசு அருங்காட்சியகமாக இயங்கி வருகிறது. உங்கள் வீட்டுப் பரணில் வளைந்த மரத்துண்டு ஒன்று கிடந்தால், அடுப்பில் வைக்கும் முன் அங்கே காட்டிக் கேளுங்கள். எறிந்த கைகள் மறைந்துவிட்டன. அவை பிடித்த மரமாவது நம் பிள்ளைகளுக்கு எட்டட்டும்.