மகள் வயதுக்கு வரவில்லையா? கத்திக்கு முன் காரணம் அறிவோம்

பதினாறு முடிந்தும் மகள் வயதுக்கு வரவில்லை. மார்பு வளர்ந்திருக்கிறது, மாதவிடாய் மட்டும் இல்லை. கோயிலுக்கு நேர்ந்துகொண்டு, ஜாதகம் பார்த்து, கடைசியில்தான் ஸ்கேன் எடுக்கிறார்கள். "கர்ப்பப்பை இல்லை" என்றதும் வீடே இடிந்துபோகிறது.

இதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை. ஆண், பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காத உடலமைப்போடு பிறக்கும் ஊடுபால் நிலைகளில் இதுவும் அடங்கும். இந்நிலை உள்ளவர்களுக்கு எக்ஸ்ஒய் குரோமோசோம்கள் இருக்கும், வயிற்றுக்குள்ளோ தொடையிடுக்கிலோ விரைகள் இருக்கும், ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண் ஹார்மோன்களில் ஒன்றான டெஸ்டோஸ்டீரோனும் சுரக்கும். ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி சரியாக வேலை செய்வதில்லை. ஏற்பின்மை முழுமையானால் உடல் பெண்ணுடலாகவே வளர்கிறது. சுரந்த ஹார்மோனில் ஒரு பகுதி பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால் மார்பு வளர்கிறது. விரையில் சுரக்கும் வேறொரு ஹார்மோன், கருவிலேயே கர்ப்பப்பை உருவாகாமல் தடுத்துவிடுகிறது. இந்த மரபணு மாற்றம் தாய்வழி வரலாம், புதிதாகவும் ஏற்படலாம். யார் செய்த பாவமும் அல்ல.

பெண் குழந்தைக்குத் தொடையிடுக்கில் குடலிறக்கம் தெரிந்தால், அதற்குள் விரை இருக்கக்கூடும் என்பதால், மருத்துவரிடம் ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை பற்றிக் கேளுங்கள்.

புற்றுநோய் வரும் என்று பயந்து, உள்ளிருக்கும் விரைகளை உடனே அகற்றிவிடுவது உண்டு. ஏற்பின்மை முழுமையாக இருந்தால் பருவ வயதுக்கு முன் அந்த ஆபத்து மிகக் குறைவு. அகற்றிவிட்டால், எலும்பு பலவீனமாகாமல் இருக்கப் பல ஆண்டுகள் ஹார்மோன் மருந்து எடுக்க வேண்டும். ஆகவே மருத்துவக் கண்காணிப்போடு காத்திருந்து, மகளே வளர்ந்து முடிவெடுக்க விடலாம்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2019 ஏப்ரலில் அருண்குமார் என்பவர் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு, ஊடுபால் குழந்தைகளுக்குப் பாலின அடையாளத்தை 'சரிசெய்யும்' அறுவைக்குத் தடை விதித்து அரசாணை வெளியிட்டது. உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும் விலக்கு உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியவை:

• நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் குரோமோசோம், ஹார்மோன் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

• அறுவை என்றால், "காத்திருந்தால் உயிருக்கு ஆபத்தா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். எல்லா அறிக்கைகளின் நகலும் கையில் இருக்கட்டும்.

• மகளின் சம்மதமின்றிப் பலர் முன்னிலையில் அவளைப் பரிசோதிக்க அனுமதிக்காதீர்கள்.

• அறுவைக்கு யாரேனும் வற்புறுத்தினால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். தன் உடலைப் பற்றி அவள் முதலில் கேள்விப்படுவது உங்கள் வாயிலிருந்தாக இருக்கட்டும்.