அட்வான்ஸ் யார் கையில்?

பெங்களூரில் வீடு தேடி வருகிற தமிழரை வாடகை அவ்வளவாக மிரட்டுவதில்லை; அட்வான்ஸ்தான் மிரட்டும். பத்து மாத வாடகையை மொத்தமாக எண்ணி வைக்க வேண்டும் என்பது இந்த ஊரின் பழைய வழக்கம். பொம்மனஹள்ளியில் அது எப்படி வேர்விட்டது என்று பார்த்தால், கொடுத்த பணம் திரும்பி வருவதில் ஏன் இத்தனை இழுபறி என்பதும் புரிந்துவிடும்.

2007-இல் பெங்களூர் மாநகராட்சியோடு சேரும்வரை பொம்மனஹள்ளி தனி நகரசபை. ஓசூர் ரோட்டை ஒட்டி கார்மென்ட்ஸ் கம்பெனிகள் வந்தன. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டியிருந்தது. நிலம் வைத்திருந்தவர்கள் கட்டத் தொடங்கினார்கள். ஆனால் விவசாய நிலத்தை அப்படியே மனையாகப் பிரித்த ரெவின்யூ சைட்டுக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைக்காது. அந்தக் கடனைக் கொடுத்தவர்கள் குடிவந்தவர்கள்தான். கீழ்வீட்டு அட்வான்ஸில் மேல்தளம் எழும்பும். மேல்தளத்து அட்வான்ஸில் மொட்டை மாடியில் ஒரு ஷீட் வீடு முளைக்கும். பெரிய தொகையாகக் கொடுத்துவிட்டு வாடகையே இல்லாமல் இருக்கும் போக்கியமும் இதே கணக்கில் ஓடியதுதான். பணம் செங்கல்லும் சிமெண்டுமாகிவிட்ட பிறகு, காலி செய்கிறேன் என்று போய் நின்றால் ஓனர் என்ன செய்வார்? "ஹொச பாடிகெயவரு பந்த்மேலெ கொட்தீனி" என்பார். புதுக் குடித்தனக்காரர் வரட்டும், தருகிறேன். அதில் பொய் இல்லை. புதியவர் கட்டும் அட்வான்ஸ்தான் பழையவர் கைக்குப் போக வேண்டும்.

ஓனர் அதே கட்டடத்திலேயே இருந்தார். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் கலந்து பேசுவார். மோட்டார் போடுவதும் அவரே, மாசம் பிறந்தால் கதவைத் தட்டுவதும் அவரே. அக்ரிமென்ட் என்றால் முத்திரைத்தாளில் டைப் அடித்த இரண்டு பக்கம், பதினோரு மாதத்துக்கு. ஒரு வருஷத்தைத் தாண்டினால் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த பதினொன்று அது.

அந்தக் காலம் பொற்காலம் ஒன்றும் இல்லை. கார்மென்ட்ஸ் பெண்களில் பலருக்கு அந்த இரண்டு பக்கமும் கிடையாது. கையில் கொடுத்த பணத்துக்கு ஓனர் வீட்டு நோட்டில் ஒரு வரிதான் சாட்சி. பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகை போய்விடும், கேள்வி கேட்க முடியாது. ஓனர் வீட்டை விற்றுவிட்டால் பழைய அட்வான்ஸுக்குப் புது ஓனர் பொறுப்பா, பழையவர் பொறுப்பா என்று தெருவே கூடிப் பேசும். ஆனாலும் ஒன்று இருந்தது: பணத்தை வாங்கியவர் யாரோ அவரேதான் திருப்பித் தர வேண்டியவர். அவர் வாசலில் போய் உட்காரலாம். மளிகைக்கடை அண்ணாச்சியை அழைத்துவந்து நியாயம் கேட்கலாம். நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் பாதித் தொகையையாவது வெளியே கொண்டுவந்துவிடும்.

2010-இல் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் திறந்தது. எச்எஸ்ஆர் லேஅவுட்டின் வாடகைக்கு ஈடுகொடுக்க முடியாத ஐடி பிள்ளைகள் ஓசூர் ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார்கள். 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோவும் ஓடத் தொடங்கிவிட்டது. பொம்மனஹள்ளிக்குத் தனி ஸ்டேஷன். ஷீட் வீடு இருந்த இடத்தில் லிஃப்ட் வைத்த கட்டடம் நிற்கிறது. அதன் ஓனர் வேறு ஏரியாவிலோ வேறு நாட்டிலோ இருக்கிறார். சாவி ஏஜென்சியிடம், அக்ரிமென்ட் ஏஜென்சியின் வார்ப்பில், பல இடங்களில் பணம் போய்ச் சேர்வதும் ஏஜென்சியின் கணக்கில்தான். பத்து மாத அட்வான்ஸ் பல வீடுகளில் ஐந்தாறு மாதமாக இறங்கியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் வாங்கும் கை வேறு, தர வேண்டிய கை வேறு என்றாகிவிட்டது. காலி செய்தபின் ஏஜென்ட்டைக் கேட்டால் "ஓனர் இன்னும் அப்ரூவ் பண்ணல சார்". ஓனருக்குப் போன் போட்டால் "எல்லாம் அவங்களே பாத்துக்கறாங்க".

பிறகு வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப் வரும். 25,000 வாடகை, ஒன்றரை லட்சம் டெபாசிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயின்டிங் ஒரு மாத வாடகை. டீப் க்ளீனிங் தனி. ஹால் சுவரில் ஆணித் துளை, பாத்ரூம் குழாயில் உப்புக் கறை, கீசர் சர்வீஸ், கிச்சன் சிம்னியில் எண்ணெய்ப் பிசுக்கு. ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு தொகை, சிவப்பு வட்டமிட்ட போட்டோ. போர்வெல் தண்ணீர் ஓடும் வீட்டில் குழாய் உப்புப் பூக்காமல் என்ன செய்யும்? புழக்கத்தில் வரும் நியாயமான தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பில்லை என்பது 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அந்தப் பட்டியலைத் தயாரிப்பவர் அதைப் படித்திருப்பார் என்று எதிர்பார்ப்பது வீண்.

ஏஜென்ட் வழியாக வந்த இன்னொரு கேடு இதைவிடப் பெரியது. ஓனரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுத்து, குடிவருகிறவரிடம் லட்சக்கணக்கில் போக்கியத்துக்கு விடுவது. சில மாதம் ஓனருக்கு வாடகை ஒழுங்காகப் போகும், பிறகு நின்றுவிடும். ஓனர் வந்து வெளியே போ என்பார். குடியிருப்பவரோ முழுப் பணமும் கட்டிவிட்டேன் என்பார். பெங்களூரில் இப்படிப்பட்ட வழக்குகள் போலீஸ்வரை போயிருக்கின்றன. ஆனால் வெறும் டெபாசிட் பாக்கி என்றால் ஸ்டேஷனில் "சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிடுவார்கள்.

சட்டம் என்ன செய்கிறது? 1999-இன் கர்நாடக வாடகைச் சட்டம், பெங்களூரில் மாத வாடகை 3,500-ஐத் தாண்டிய வீடுகளுக்குப் பொருந்தாது. அந்தத் தொகைக்கு இன்று இங்கே எது கிடைக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் கூடாது என்று மத்திய அரசு 2021-இல் மாதிரிச் சட்டம் ஒன்றை அனுப்பியது. கர்நாடகம் இன்னும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. இதே ஓசூர் ரோட்டில் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் கதை வேறு. தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாதவரை மூன்று மாத வாடகைதான் உச்சம். காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். பொம்மனஹள்ளி மாநகராட்சியில் சேர்ந்த அதே 2007-இல் இங்கிலாந்து ஒரு வேலை செய்தது: டெபாசிட்டை அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றின் கீழ் கொண்டுவந்தாக வேண்டும், தகராறு வந்தால் அங்கேயே முறையிடலாம். பணம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு அங்கே ஒரு பதில் உண்டு.

இங்கே ஆயுதம் போன்தான். குடிபோகும் அன்று வீடு முழுக்க வீடியோ. யாருடைய பெயரில் அக்ரிமென்டோ அவர் கணக்குக்கே பணம். சாவி கொடுத்ததற்கு ஒரு மெசேஜ். அப்புறம் வக்கீல் நோட்டீஸ், ஓனருக்கும் ஏஜென்சிக்கும் சேர்த்து. பல நேரம் பணம் அங்கேயே இறங்கிவிடும். இறங்காவிட்டால் மூன்று வருஷத்துக்குள் சிவில் வழக்கு. பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டப்படி. வழக்குக்கு முன்பே லோக் அதாலத்தில் சமரசமும் பேசலாம். ஆனால் கார்மென்ட்ஸில் ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகும்.

அதனால் அன்று செய்ததையே இன்றும் செய்கிறார்கள்: கடைசி மாதங்களின் வாடகையை அட்வான்ஸில் கழித்துவிடுவது. 2020 ஊரடங்கில் கம்பெனிகள் மூடிக்கிடந்தபோது வாடகையை அட்வான்ஸில் கழித்தே காலம் தள்ளியவர்கள் பலர். இன்றைய அக்ரிமென்ட்டுகளில் "நோட்டீஸ் கால வாடகையை டெபாசிட்டில் கழிக்கக் கூடாது" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. அதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, கடைசி இரண்டு மாதம் ஏஜென்ட்டின் போனை எடுப்பதில்லை. ஐந்து மாத டெபாசிட்டில் அந்த இரண்டும் பெயின்டிங் ஒன்றும் போனால் மீதி இரண்டு மாதம். அதற்காக ஏஜென்சியும் ரொம்ப இழுக்காது. குடியிருந்தவரும் கோர்ட்டுப் படி ஏறமாட்டார்.